மாமனார் தூங்கிய படம்

என் கேமராவுக்கு ஓடுவது, பறப்பது, பேசுவது எதுவும் ஆகாது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஷட்டர் திறந்துவிட்டால் மூடுவதற்கு அதற்கே மனசு வரவேண்டும். அசைகிற எதை எடுத்தாலும் கழுவி வரும்போது புகையாகத்தான் இருக்கும். அதனால் அசையாதவற்றை மட்டுமே எடுத்தேன். குடம், உரல், ஸ்டாண்டு போட்ட சைக்கிள், தூங்குகிற மனிதர்கள். மதியம் ஒன்றரை மணிக்கு மேல் மதுரையில் தூங்குகிற மனிதர்களுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை.

எழுபதுகளின் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் நான்கு பேர் ஒரு ஸ்டூடியோவின் மாடியில் கூடுவோம். ஸ்டூடியோக்கார அண்ணன், அத்தர் கடை பாய், ஒரு கணக்கு வாத்தியார், ஆபீஸ் கிளார்க்கான நான். அந்த வாரம் எடுத்ததை ஜமுக்காளத்தில் பரப்பிவைத்துப் பேசுவோம். பாய் புறாக்களை எடுப்பார். பறக்கிற புறாவைத்தான் எடுப்பார். நல்ல கேமரா வைத்திருக்கிற திமிர். வாத்தியார் டீ கிளாஸ் எடுப்பார். ரோல் முழுக்க ஒரே டீ கிளாஸ். "போன வாரத்துக்கு இந்த வாரம் நிழல் கொஞ்சம் சாஞ்சிருக்கு, கவனிச்சீங்களா?" என்பார். நாங்களும் கவனிப்போம்.

மாதம் ஒரு படத்தை அண்ணன் தேர்ந்தெடுத்து, பெரிதாகப் போட்டு, கீழே ஷோகேஸில் கல்யாண ஜோடிகளுக்கு நடுவில் வைப்பார். அதற்காக நாங்கள் போட்ட சண்டை கொஞ்சமல்ல. புறா இரண்டு தடவை ஏறிவிட்டது. டீ கிளாஸ்கூட ஒரு தடவை ஏறிவிட்டது. என் உரல் மட்டும் ஏறவில்லை.

அந்த வருஷம் என் மனைவி பிரசவத்துக்காக டி. கல்லுப்பட்டியில் தாய்வீட்டில் இருந்தாள். சனிக்கிழமைதோறும் ஆபீஸ் விட்டதும் பஸ் ஏறிவிடுவேன். கேமராவும் கூட வரும். மாமனாரைக் கண்டால் மட்டும் எனக்கு உதறல். கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். கிணற்றுப் பங்கில் சொந்த அண்ணனோடு நிறுத்திய பேச்சு ஒன்பது வருஷமாக நின்றே கிடந்தது. மதுரையில் இருந்த அந்த அண்ணன் எங்கள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அடுத்த ஆளாக நான் ஆகிவிடக்கூடாதே என்று அந்த வீட்டில் சோற்றைக்கூட அளந்துதான் கேட்பேன்.

ஒரு சனிக்கிழமை நான் போனபோது மாமனாருக்குப் பல்வலி. ராத்திரி பொட்டுத் தூக்கமில்லையாம். வெள்ளைத் துண்டால் தாடையைச் சுற்றிக் கட்டி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அசந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. ஜன்னல் வெயில் ஒரு கன்னத்தில் மட்டும் சாய்வாக விழுந்திருந்தது. ஒரு அசைவு இல்லை. என் கேமராவுக்கென்றே கடவுள் உட்காரவைத்த மனிதர்! எதிரே இருந்த அலமாரித் தட்டில் கேமராவை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு தடவை அழுத்தினேன். அவர் விழிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை ஜமுக்காளத்தில் வைத்ததும் மூன்று பேரும் அதன்மேல் குனிந்துவிட்டார்கள்.

"மாஷா அல்லாஹ். துண்டுல வெள்ளை வெடிச்சு மடிப்பு மறையாம நிக்குது பாருங்க" என்றார் பாய்.

"தாடைக்குக் கீழ அந்த நிழலு" என்று வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பெரிதாகப் போடும்போது படத்தில் நாற்காலிக் காலை வெட்டலாமா வேண்டாமா என்று அரைமணி நேரம் விவாதம் நடந்தது. வெட்டவேண்டாம் என்று முடிவானது. "தம்பி, இந்த மாசம் ஒன்னோடதுதான்" என்றார் அண்ணன். கல்லுப்பட்டி மாமனார் மதுரை ஷோகேஸை எங்கே பார்க்கப்போகிறார் என்ற தைரியத்தில் தலையாட்டினேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை மாமனாரோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம். "யாரு வீட்டுலயோ எழவு போல" என்றபடி மாமனார் டம்ளரை வைத்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். சோழவந்தானிலிருந்து அவருடைய சித்தி மகள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு வந்தாள். பின்னால் நான்கைந்து பேர், கையில் ரோஜா மாலை.

"என்னப் பெத்த அண்ணே, எங்கள விட்டுப் போயிட்டியே!"

மாமனார் எதிரே போய் நின்று, துக்கம் கேட்கிற குரலில், "என்ன ஆத்தா, யாரு போயிட்டது?" என்றார்.

"நீதாண்ணே!" என்று அழுகை வேகத்தில் பதில் சொல்லிவிட்டு, பிறகுதான் அந்த அம்மாள் வாயைப் பொத்தினாள்.

செத்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, வாய் திறந்துவிடாமல் தாடையைக் கட்டி, விபூதி பூசி, கடைசியாக ஒரு போட்டோ எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஷோகேஸில் என் படத்தைப் பார்த்த எவருக்கும் விசாரிக்க ஒன்றுமில்லை. நேராக மாலை வாங்கப் போய்விட்டார்கள். ஸ்டூடியோக்கார அண்ணன் மாதம் நான்கைந்து பிணங்களை அப்படி எடுக்கிறவர். அவருக்கே தோன்றவில்லை என்றால் எங்களை என்ன சொல்ல? நாங்கள் நால்வரும் வெளிச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம்.

வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அன்று முழுக்க மாமனார் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கணக்கு ஆரம்பமாகிவிட்டது என்று நினைத்தேன். காலையில் எழுந்ததும் அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, இன்னைக்கே போயி அத எடுத்துர்றேன்."

"எதுக்கு?"

"இல்ல மாமா, எல்லாரும்..."

"இருக்கட்டும் மாப்ள. இன்னும் கொஞ்ச நாளு கெடக்கட்டும்."

குத்திக்காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். என் மனைவிதான் அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். "ஒங்க ஸ்டூடியோவுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் பெரியப்பா வீடு. அப்பா அவரு வருவாரான்னு பாக்குறாரு."

அதன்பிறகு உசிலம்பட்டியிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. திருமங்கலத்திலிருந்து இரண்டு. மாமனார் முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டு, பஸ் வருகிற நேரத்துக்கு வாசலில் உட்கார்ந்துவிடுவார். அழுகைச் சத்தம் கேட்டதும் எழுந்துபோய், அழுகிறவர்களைத் தாண்டிக் கூட்டத்தின் கடைசி ஆள்வரை பார்ப்பார். "வேற யாரும் வரலையா?" என்று கேட்பார். உயிரோடு இருப்பதற்காக எல்லோரும் அவரைத் திட்டிவிட்டுப் போவார்கள்.

"செத்தாக்கூட வரமாட்டான் போல மாப்ள" என்றார் ஒரு சாயங்காலம். அதுவரை எனக்குச் சிரிப்பாக இருந்தது அதோடு நின்றுபோனது. ஷோகேஸில் ஏறிவிட்டோம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டதை நினைத்து வெட்கமாக இருந்தது.

படம் ஏறி நான்கு வாரம் ஆன ஞாயிற்றுக்கிழமை, மாதம் முடிந்துவிட்டது, என் படத்தை இறக்கிவிட்டுத் தன் டீ கிளாஸை ஏற்ற வேண்டும் என்று வாத்தியார் வாதாடிக்கொண்டிருந்தார். படியில் குடை தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு பெரியவர் மேலே வந்தார். மாமனாரின் அதே முகம், அதே புருவம், கொஞ்சம் கூடுதல் வயது.

"கீழ இருக்குற போட்டோ யாரு எடுத்தது?"

எழுந்து நின்றேன். "ஐயா, அவரு நல்லா இருக்காரு. உயிரோடதான் இருக்காரு" என்று உளறினேன்.

"அதான் தெரியுதே. தூங்குறான்ல?" என்றார். "மொத நாளு வீட்டுல எல்லாம் ஒரே அழுகை. நான் அழுகலையேன்னு ஏச்சு வேற. கட்டைவெரல உள்ள மடக்கிப் பிடிச்சிருக்கான் பாருங்க. தூங்குனா அப்பிடித்தான் பிடிப்பான். ஒண்ணாப் படுத்து வளந்தவனுக்குத் தெரியாதா?"

நாங்கள் நால்வரும் அந்தக் கட்டைவிரலைக் கவனித்ததே இல்லை.

"தெனமும் சாயங்காலம் வந்து பாத்துட்டுத்தான் போறேன்" என்றார் பெரியவர். "இன்னும் எம்புட்டு நாளைக்கு வச்சிருப்பீக?"

வாத்தியார் தன் டீ கிளாஸை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்போதே பஸ் ஏறினேன். வாசலில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த மாமனாரிடம் ஒன்று விடாமல் சொன்னேன்.

"தெனமுமா?" என்றார்.

"தெனமும் மாமா."

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு எழுந்து செருப்பை மாட்டினார்.

"அந்தப் போட்டோவ எடுக்கச் சொல்லிருங்க மாப்ள" என்றார். "நானே நேர்ல போறேன்."