நடுவில் கிடைத்த நாள்

தெருவில் எல்லோருக்கும் அவள் கர்ட்டன் அக்கா. ஜன்னல் திரை தைப்பதுதான் தொழில். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவாள். முக்காலியில் ஏறி நின்று, குண்டூசியை வாயில் கவ்வியபடியே வீட்டுக்காரியிடம் ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடுவாள். கடலோர அடுக்குமாடிகளில் மேல்தளத்துக்குப் போனால் மட்டும் அந்த வாய் ஓய்ந்துவிடும். அங்கே ஜன்னலுக்கு வெளியே, கரைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு தீவு தெரியும்.

"போயிருக்கீங்களா?" என்று யாராவது கேட்டால், "வர்ற ஞாயித்துக்கிழமை போறோம்" என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வருஷக்கணக்காக வந்துகொண்டேதான் இருந்தது. கணவர் லிப்ட் பழுது பார்ப்பவர். ஊரிலுள்ள லிப்டெல்லாம் சொல்லிவைத்தாற்போல் ஞாயிற்றுக்கிழமைதான் பாதியில் நிற்கும். அவர் ஓய்ந்தால் இவளுக்கு அவசரத் தையல். தீவு எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டார்கள்.

தீவு போகவில்லை, சிறுநீரகம்தான் போனது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் கைவிட்டன. அதற்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரி. கையில் ஊசி ஏற்றி, ரத்தத்தை இயந்திரத்துக்கு அனுப்பிச் சுத்தம் செய்து திருப்பி வாங்கிக்கொண்டு, பிழிந்து போட்ட துணி மாதிரி வீட்டுக்கு வருவாள். வாரக் கடைசியில் மட்டும் நடுவே இரண்டு நாள் கிடைக்கும். முதல் நாள் படுக்கையிலேயே கழிந்துவிடும். இரண்டாம் நாள்தான் அவள் மனுஷி.

"அந்த ரெண்டாம் நாள் போயிட்டு வந்துடலாமா?" என்று ஒரு சாயங்காலம் கணவரே கேட்டார்.

"எங்க?"

"தீவுக்கு."

அவள் சிரித்தாள். "ரெண்டு டம்ளருக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நீங்க என்னைக் கடலுக்கு நடுவுல கொண்டு போய் உக்கார வைக்கப் போறீங்களா?"

ஆனால் அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை. லிப்டுக்குள் தலையை விட்டு வேலை பார்க்கும் அதே பொறுமையோடு அவர் ஒவ்வொன்றாக விசாரித்து வந்தார். காலையில் போகும் படகு எது, அங்கே நிழல் உண்டா, கழிப்பறை உண்டா, மதியமே திரும்ப வழி உண்டா? டாக்டர் யோசித்துவிட்டு, "போங்க. ஆனா அலைய விடாதீங்க" என்றார். துணைக்கு வருவதாக நாத்தனார் சொன்னாள். இவள் அலமாரியிலிருந்து அகலமான செருப்பை எடுத்துத் துடைத்து வைத்தாள். பாதம் வீங்கினாலும் அதுதான் நுழையும்.

ஒன்றை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தெம்பு திரும்புகிற அந்த இரண்டாம் நாளில்தான் உடம்பில் நீரும் கோத்துக்கொள்ளும்.

போன அன்று வானம் மூடியிருந்தது. படகுத்துறையில் கடல் உள்வாங்கிக் கிடந்தது. படகு வெகு கீழே நின்றது. அதற்கு இறங்கும் படிகளில் பாதி பாசி பிடித்துப் பச்சையாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் விசாரித்தவர் கடல் வற்றும் நேரத்தை மட்டும் விசாரிக்கவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

கணவர் ஒரு பக்கம், நாத்தனார் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, அவள் சில படிகள் இறங்கினாள். மூச்சு முட்டியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கி ஒதுங்கி இறங்கினார்கள்.

"ஏத்திடலாமா? தூக்கிக்கலாம்" என்று கீழிருந்து படகோட்டி கேட்டார். கேட்ட தொனியிலேயே அவருக்கு விருப்பமில்லை என்று தெரிந்தது.

"வேண்டாம்பா" என்றாள் அவள். பிறகு கணவரைப் பார்த்து, "நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

"உனக்குப் பைத்தியமா? வா, வீட்டுக்குப் போகலாம்."

"என்னோட சேர்ந்து நீங்களும் எத்தனை நாள்தான் ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருப்பீங்க? போங்கன்னா போங்க. இல்லேன்னா நான் இந்தப் படியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

அவளுடைய பிடிவாதம் அவருக்குத் தெரியும். இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

பயணிகள் கொட்டகையில் தகரக் கூரைக்குக் கீழே அண்ணியும் நாத்தனாரும் உட்கார்ந்தார்கள். படகு சின்னதாகிக்கொண்டே போனது. நாத்தனார் கெட்டவள் இல்லை. ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டுமே என்றுதான் வாயைத் திறந்தாள்.

"விடுங்க அண்ணி. அண்ணனும் தனியாப் போய் வரப் பழகிக்கணும் இல்ல?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். கர்ட்டன் அக்கா, கணவரைப் போகச் சொன்னபோது தன் மனதிலும் அதுவேதான் இருந்ததா என்று யோசித்தாள். இருந்தது. தானே நினைப்பதற்கும் இன்னொருவர் வாயால் கேட்பதற்கும் எவ்வளவு தூரம்! நாத்தனார் கண்ணைத் துடைத்தபோது அவளுக்குத்தான் இவள் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

மதியம் தாண்டிப் படகு திரும்பியது. கணவர் படியேறி வந்தார்.

"எப்படி இருந்தது?"

"என்னத்தைச் சொல்ல? வெறும் மணல். அவ்வளவுதான். ஒண்ணுமே இல்ல."

பேன்ட் முழங்கால் வரை சுருட்டியிருந்தது. தலைமுடியெல்லாம் மணல். நோய் வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் அவள் பார்க்காத ஒரு வெளிச்சம், அணைக்க அணைக்க அணையாமல் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் சொன்னாள்: "பொய் சொல்லாதீங்க. எனக்கு எல்லாம் சொல்லுங்க."

அவர் தயங்கித் தயங்கித்தான் தொடங்கினார். உடைந்து கிடந்த ஒரு பெரிய படகு, அதற்குள் குடியிருந்த நண்டுகள், அந்தப் பக்கத்துக் கரையில் ஆளே இல்லாத கடல், அதில் முழங்காலளவு இறங்கி நின்றது. சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. அவளுக்கு வயிறு எரிந்தது. இது பொறாமைதான் என்று தெரிந்து வெட்கமாகவும் இருந்தது. முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் பேச்சு நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள், திரும்பாமலே. "சொல்லுங்க."

அவர் சொன்னார். ஆனால் இந்த முறை பார்த்துப் பார்த்து, குறைத்துச் சொன்னார்.

மறுநாள் காலை வழக்கம்போல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கடல் நிறைந்திருக்கும் நேரம் பார்த்து இன்னொரு முறை போகலாம் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதுவரை அந்த வீட்டில் தீவைப் பற்றி யாரும் பேசவே இல்லை.