உடன்பிறப்புப் பொத்தான்

ஜாவா படித்து முடித்த கையோடு, தல்லாகுளத்தில் ஒரு திருமணத் தகவல் மையத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்கள். வயது இருபத்திரண்டு. எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று தலைகால் புரியாமல் திரிந்த காலம்.

அங்கே வரும் பெற்றோர் பலர் இரண்டு பெண்களுக்கும் சேர்த்தே பதிவு செய்வார்கள். மூத்தவளுக்குப் பாரத்தை முழுதாக நிரப்புவார்கள். இளையவளுக்குப் பெயர், வயது, படிப்பு, நட்சத்திரம் மட்டும் எழுதிவிட்டு, "மத்ததெல்லாம் அக்காவுக்குப் போட்டதுதாம்மா" என்று எழுந்துவிடுவார்கள். ஊர், குலம், அப்பாவின் தொழில் எல்லாவற்றையும் மறுபடி தட்டுவானேன் என்று 'உடன்பிறப்பு' என்றொரு பொத்தான் வைத்தேன். அமுக்கினால் அக்காவின் விவரங்கள் தங்கைக்கு வந்து நிற்கும். வேறுபடுவதை மட்டும் மாற்றினால் போதும். பிறகு ஆளுக்கொரு தாள் அச்சாகும், வரன் தேடி வருபவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். மையத்தின் உரிமையாளர் அசந்துபோனார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பொத்தானுக்குப் பின்னால் இருந்தது ஒரே வரிதான்: தங்கை = அக்கா.

ஆறு மாதம் கழித்து, நான் பிரிண்டர் கோளாறு பார்க்கப் போயிருந்த அன்று, பரவையிலிருந்து ஒரு பெண் வந்தார். பள்ளிக்கூட ஆசிரியை, இருபத்தேழு வயது. கையில் புதிதாக எடுத்த போட்டோ.

"தங்கச்சிக்குப் பூ வச்சாச்சுண்ணே. எனக்கு ஒரு வரன்கூட வரல. பழைய போட்டோவுல கறுப்பா விழுந்துட்டேன், அதான் போல. இத மாத்திருங்க" என்றார் உரிமையாளரிடம்.

நான் அவர் பெயரைத் தட்டித் தேடினேன். இல்லை. தங்கையின் பெயரைத் தட்டினேன். இரண்டு முறை வந்தது.

"ஆமம்மா, அந்தப் பிள்ளைக்கு ரெண்டு தாள் விழுந்துச்சு. மெசின்தான் தப்பா அடிச்சிருச்சுன்னு ஒண்ணக் கிழிச்சுப் போட்டேன்" என்றார் உரிமையாளர் சாதாரணமாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாறி என்பது நிரலில் ஒரு விவரத்தைப் போட்டு வைக்கும் பெட்டி. ஓர் எண்ணை ஒரு மாறியிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுத்தால் அது தனி நகலாகிவிடும். ஒன்றை மாற்றினால் மற்றது அசையாது. ஆனால் ஒரு பெண்ணின் விவரமெல்லாம் அடங்கிய ஆப்ஜெக்ட் அப்படியில்லை. மாறிக்குள் இருப்பது ஆப்ஜெக்ட் அல்ல, அதன் விலாசம். சமக்குறி நகலெடுப்பது அந்த விலாசத்தை மட்டும்தான். ஒரே வீட்டு விலாசத்தை இரண்டு சீட்டில் எழுதினால் வீடு இரண்டாகிவிடுமா? தங்கைக்கென்று மாற்றிய பெயரும் நட்சத்திரமும் அக்காவின் மேல்தான் விழுந்திருந்தன. இதைப் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அந்த மதிப்பெண்ணைக் கொண்டுபோய் உடைப்பில் போட.

உரிமையாளர் மீது பழியைப் போட ஒரு நிமிடம் மனசு துடித்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"அக்கா, தப்பு என்னோடது. உங்க விவரம் பதிஞ்ச அன்னைக்கே அழிஞ்சுபோச்சு. உங்கள யாரும் வேணாம்னு சொல்லல. உங்க தாள யாரும் பாக்கவே இல்ல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசமா அம்புட்டு பவுடர் போட்டேன்மா. எங்கப்பாகிட்ட நானேதான் சொன்னேன், என்னைய விட்டுட்டு அவளுக்கு முடிங்கன்னு." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அப்ப எங்கிட்ட குறை ஒண்ணும் இல்லையா?"

"இல்லக்கா" என்றேன்.

அன்றே அந்த வரியை எடுத்துவிட்டு, தங்கைக்கென்று புதிய ஆப்ஜெக்ட் உருவாக்கி ஒவ்வொரு விவரமாக நிரப்பும்படி மாற்றினேன். அரை மணி நேர வேலை. இதே போல் காணாமல் போன அக்காக்கள் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். எல்லோரையும் அவர்கள் எழுதிக் கொடுத்த பாரங்களைப் பார்த்து மறுபடி ஏற்றினேன்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு அவரை என் பக்கத்தில் உட்காரவைத்து, வெற்றுப் பாரத்தைத் திறந்தேன். "உங்க பேர் சொல்லுங்கக்கா" என்றேன். எனக்குத் தெரிந்த பெயர்தான். அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், நான் தட்டினேன். திரையில் பெயர் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். முன்பு பாரத்தோடு கொடுத்திருந்த பழைய போட்டோவையே வைக்கச் சொன்னார்.