விளக்கு வைத்த பிறகு வந்த மாமனார்

நான் முட்டாள் என்பதை யாரும் துப்புத் துலக்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். அதிலும் சாதாரண முட்டாள் இல்லை, நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்த முட்டாள்.

தாத்தா காலத்தில் மார்வாரிலிருந்து மதுரைக்கு வந்த சமணக் குடும்பம் எங்களுடையது. வெங்காயம், பூண்டு தொட மாட்டோம். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம். அப்படிப்பட்டவர்கள் மின்சாமான் கடை போட்ட இடம், சிம்மக்கல்லில் இரண்டு வெங்காய மண்டிகளுக்கு நடுவில். இந்த ஊரோ பொழுது சாய்ந்த பிறகுதான் வாயையே திறக்கும். பரோட்டாக் கல்லில் கொத்துகிற சத்தம் கேட்டால், "இதெல்லாம் வயிறா, அரவை மில்லா?" என்று முகம் சுளிப்பேன். சுளித்தபடியே மூச்சை நன்றாக உள்ளே இழுப்பேன். அது வேறு விஷயம்.

எழுபதுகளின் கடைசி அது. சொந்த ஊரில் எங்களுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். "அவன் மதராஸி ஆயிட்டான், இட்லிக்கு மதம் மாறிட்டான்" என்பார்கள். எனக்கோ முன்நெற்றி உச்சந்தலை வரை போய்விட்டது. கடைசியாகப் பெண்ணைப் பெற்ற ஒருவர் மட்டும் என்னை நேரில் பார்க்கச் சம்மதித்தார். இவரும் கைவிட்டால் கல்யாணம் என்பதே கிடையாது.

ரயில் தாமதம். அவர் எங்கள் வீட்டுப் படி ஏறும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரயிலில் விற்றதை நம்பாமல் மெட்ராஸிலிருந்தே பட்டினி. அம்மா அடுப்புப் பற்றவைக்க எழுந்தாள். கண்ணாலேயே உட்கார வைத்தேன்.

"விளக்கு வச்சப்புறம் நம்ம வீட்ல அடுப்பு எரியாதுங்க" என்றேன், எங்கள் பாஷையில்.

"பயணத்துல வந்தவங்களுக்கு விலக்கு உண்டு தம்பி. ஊர்ல நாங்களே இப்பல்லாம்..."

"ஊர்ல இருக்கலாம். இங்க கிடையாது."

ஊரில் இருந்துகொண்டே கெட்டுப்போன ஜென்மம் என்று உள்ளுக்குள் இளக்காரம் எனக்கு.

பக்கத்து மண்டிக்கார அண்ணன் மாமனாரை வேடிக்கை பார்க்க வந்தார்.

"என்ன மாப்ள, பெரியவரு மூஞ்சி சுட்ட கத்திரிக்கா மாதிரி இருக்கு? விரதமா, தண்டனையா?"

"எங்க வழக்கம்ண்ணே."

"அப்பச் சரி. நான் போய்ச் சாப்பிடுறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். வெங்காயத்தை நிறுக்கிறவனுக்கு ஆன்மாவைப் பற்றி என்ன தெரியும் என்று மனதுக்குள் காறித் துப்பினேன். மாமனார் அந்த அண்ணனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிந்தது. அம்மா பலகாரத்தோடு வந்தாள். நான் கடிகாரத்தைக் காட்டினேன். சூரியன் உதித்தும் முக்கால் மணி நேரம் போனால்தான் எங்களுக்கு வாயில் தண்ணீர்கூடப் படலாம். அந்த முக்கால் மணி நேரமும் அவருக்கு எதிரில் உட்கார்ந்து, பரதேசத்தில் தர்மத்தைக் காப்பது எப்படி என்று பிரசங்கம் செய்தேன். அவர் கண் கொட்டாமல் என்னையே பார்த்தார். உருகிவிட்டார் என்று நினைத்தேன். மனிதன் எவ்வளவு மடத்தனமாக நினைப்பான் பாருங்கள்.

மத்தியானமே கிளம்புகிறேன் என்றார். ஸ்டேஷனுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ரயில் நகர்கிற வரைக்கும் பெண் பேச்சே எடுக்கவில்லை. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன்.

"நம்ம மதத்த இந்த ஊர்லயும் இம்புட்டுச் சுத்தமா வச்சிருக்கேன், பாத்தீங்கல்ல? பொண்ணு விஷயம் ஒண்ணும் சொல்லலையே?"

"எங்க பொண்ணு பசி தாங்காது."