முப்பது வருடமாகத் தோற்கும் வில்லன்கள்

இன்று சான் ரமோன் வீடியோ கடையில் சுந்தரத்தைப் பார்த்தேன். புது வீட்டுக்குக் குடிபோனபோது எல்லோரையும் அழைத்து என்னை மட்டும் விட்டவர். நான்கு வருடமாகப் பேச்சில்லை.

நான் தேடிப்போன பழைய பிரிட்டிஷ் விண்வெளித் தொடரின் ஒரே கேசட் அவர் கையில் இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அவரே கேட்டார்.

"நீங்களும் இத பாக்கறீங்களா சார்?"

"வில்லனுங்களுக்காக மட்டும்தான். முப்பது வருஷமா பூமிகிட்ட தோத்துட்டே இருக்காங்க. ரப்பர் மூஞ்சி கிழிஞ்சாலும் பகைய விடல பாருங்க, அதான் கேரக்டர்!"

சிரித்துவிட்டார். "எனக்கும் அவங்களத்தான் பிடிக்கும். சாட்டர்டே வீட்டுக்கு வாங்க, சேர்ந்தே பாக்கலாம்."

வருகிறேன் என்றேன். அந்த வில்லன்களும் சமாதானம் பேசித்தான் எதிரியின் கப்பலுக்குள் நுழைவார்கள்.

ஆனால் ஒருநாளும் வெறுங்கையோடு போனதில்லை. நான் என்ன கொண்டுபோகலாம், சொல்லுங்கள்.