ஆரோக்கியம் பூனாவுக்குப் போன கதை

அடுத்தவன் குடித்தனத்தை அட்டைப்பெட்டியில் கட்டி வெளியூருக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் தன்னுடைய பழைய வீட்டுக்கே திரும்பி வருவதுதான் எங்கள் தொழில். பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊர் விட்டு ஊர் மாறியவர்களுக்கு நான் சொல்லும் அவஸ்தை புரியும். உங்களுக்கு அது ஆயுசுக்கு இரண்டு தடவை. எனக்கு மாசத்துக்குப் பதினைந்து தடவை, அதுவும் எங்கேயும் போகாமலே.

தொண்ணூறுகளின் கடைசி அது. பெங்களூரில் பாதிப் பேர் வந்துகொண்டும் பாதிப் பேர் போய்க்கொண்டும் இருந்தார்கள். எங்கள் முதலாளி பூனாவில் ஒரு கிளை திறக்க முடிவு செய்தார். அதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவனுக்குக் கம்பெனியே இரண்டு ரூம் வீடு தரும் என்றார். போகத் தகுதியான சூப்பர்வைசர்கள் இரண்டே பேர்: நான், ஆரோக்கியம். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எனக்கு ஆஸ்டின் டவுனில் ஒரு ரூம், ஒரு அடுப்படி, இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் எட்டாவது. அவள் துணி மாற்ற வேண்டுமென்றால் நான் தெருவில் போய் நிற்க வேண்டும். அந்தப் பூனா வீடு எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

பாப்பா ரூம்

இந்திரா நகரில் ஒரு வீடு, டெல்லிக்குப் போகிறார்கள். ஒரே ஒரு பெண் குழந்தை, அதற்குத் தனி ரூம், தனி அலமாரி. பொம்மைகளுக்கு மட்டும் ஏழு பெட்டி ஆனது. கட்டிலைக் கழற்றுவதற்கு முன் டேப்பை வைத்து அளந்தேன். கட்டிலோடு நிறுத்தியிருக்கலாம், கை சும்மா இருக்குமா? சுவரையும் அளந்தேன். அடுப்படியைச் சேர்த்தாலும் என் வீடு அதைவிட ஒன்றரை அடி குறைவு.

நான் டேப்பைச் சுருட்டுவதைப் பார்த்து அந்த அம்மா பக்கத்தில் வந்தார். முகத்தில் உண்மையான கவலை. "பாவம்ப்பா என் பொண்ணு, இத்தனூண்டு ரூம்ல மூச்சு முட்டிக் கெடந்தா. டெல்லியிலயாவது கொஞ்சம் நல்லா வளரட்டும்."

டிக்கெட்டு எங்கே?

ஹெப்பகோடியில் ஃபேக்டரி வேலை பார்த்த ஒருவருக்கு சூரத்துக்கு மாற்றல். மூன்று பிள்ளைகள். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பெட்டி கட்டுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும்: நாம் ஒன்றை உள்ளே வைத்தால் அதுகள் இரண்டை வெளியே எடுக்கும். நடுவுள்ளவன் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு தன்னையும் ஒட்டச் சொன்னான். எல்லாம் ஏற்றி முடித்த பிறகு, சாயங்கால ரயிலுக்கு எடுத்த டிக்கெட்டைக் காணோம்.

புருஷன் பெண்டாட்டியைத் திட்டினார். அந்தம்மா புருஷனைத் திட்டினார். கடைசியில் இரண்டு பேரும் ஒற்றுமையாக என்னைத் திட்டினார்கள். லாரியிலிருந்து இருபத்தெட்டு பெட்டியை இறக்கிப் பிரித்தோம். டிக்கெட் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. இவ்வளவு கூத்துக்கு நடுவிலும் எனக்கு அவர்கள்மேல் பொறாமைதான். சண்டை போட்டாலும் போகிறார்களே! கிளம்பும்போது அந்தம்மா வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "எங்கள மாதிரி ஊர் ஊரா அலையாம ஒரே எடத்துல இருக்கீங்களே, நீங்க குடுத்து வெச்சவருண்ணா."

நான் செய்த முட்டாள்தனம்

முதலாளி ஒரு நாள் என் தோளில் தட்டி, "பூனா குளிர் உனக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டார். போதாதா? வேலையே கிடைத்த மாதிரி வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். என் பெண்டாட்டி செல்வி, "லெட்டர் கையில வரட்டும், அப்புறம் ஆடுங்க" என்றாள். யார் கேட்டது? ஆபீஸிலிருந்து நல்லதாக நாலு அட்டைப்பெட்டிகூட எடுத்து வந்தேன். தொழில் புத்தி, எதையும் கட்டாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த வாரம் சின்னவளின் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு, கையைப் பிடிக்காத குறையாக வாழ்த்துச் சொன்னார். "உங்க பொண்ணு கிளாஸ்ல எல்லார்க்கும் சாக்லேட் குடுத்துட்டா சார், 'எனக்குத் தனி ரூமு கெடைக்கப் போவுது, எல்லாரும் வந்து பாருங்க'ன்னு."

முதலாளி சொன்ன காரணம்

லெட்டர் ஆரோக்கியத்துக்கு வந்தது.

ஆரோக்கியம் நல்லவன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் கட்டின பீங்கான் பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள், சலங்கை கட்டின மாதிரி சத்தம் கேட்கும். என் பெட்டி டெல்லி வரை போனாலும் ஒரு டம்ளர் உடையாது. நேராக முதலாளி ரூமுக்குப் போய், "என்ன சார் இது, நியாயமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி சிரித்தார். "அவன் வாயால பொழைப்பான், அங்க போகட்டும். உன்ன மாதிரி கட்டறவன நான் எப்பிடிய்யா அனுப்புவேன்?"

மேரியின் நம்பிக்கை

ஆரோக்கியம் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வேறு யாரும் தன் சாமானைத் தொடக் கூடாது, நான்தான் கட்ட வேண்டும் என்று அவன் அடம் பிடித்தான். போனேன். அவன் பெண்டாட்டி மேரி டீ கொடுத்துக்கொண்டே, "ரெண்டு ரூமுண்ணே, பால்கனி வேற இருக்குதாம்" என்றாள். டீ கசந்தது. அவர்களுடைய நாலு வயதுப் பாப்பா என் பின்னாலேயே சுற்றி, தன் குட்டித் தலகாணியைப் பத்திரமாக வைக்கச் சொன்னாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது வீட்டில் இறங்கியதும் வேண்டியதையெல்லாம் ஒரே பெட்டியில் போடுவோம்: ஸ்டவ், பால் காய்ச்சும் பாத்திரம், டம்ளர், பிள்ளைகளின் மாற்றுத்துணி, அவர்கள் கேட்டு அழும் சாமான். மேலே சிவப்புக் காகிதம் ஒட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியாக, லாரியின் கதவோரம் சூப்பர்வைசரே தன் கையால் ஏற்றுவான். போய்ச் சேர்ந்ததும் முதலில் இறங்குவது அதுதான். பாப்பாவின் தலகாணியும் அதில்தான் போனது.

ஆரோக்கியம் கணக்கு ஒப்படைக்க ஆபீஸுக்குப் போயிருந்தான். லோடிங் ஆட்களும் டீ குடிக்கப் போனபோது அந்தப் பெட்டியைத் தூக்கினேன். காலி லாரியின் உள்கோடியில் வைத்தேன். அதை மறைத்துப் பீரோவை நிறுத்தச் சொன்னேன், அதற்கு முன்னால் கட்டில், அப்புறம் மற்ற எல்லாம். ஏன் செய்தாய் என்று கேட்காதீர்கள். வயிற்றெரிச்சல், வேறென்ன. கிளம்பும் நேரத்தில் மேரி வந்து, "சிவப்புப் பெட்டி ஏத்திட்டீங்களாண்ணே?" என்று கேட்டாள். பத்திரமாக இருக்கிறது என்றேன். அவள் அதற்கு மேல் லாரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க கட்டினா எனக்குக் கவலையே இல்லண்ணே."

பூனாவிலிருந்து போன்

நாலு நாள் கழித்து ஆபீஸுக்கு போன் வந்தது. முதலில் மேரி பேசினாள். ஒரு கண்ணாடிகூட உடையவில்லையாம். சிவப்புப் பெட்டி மட்டும் எல்லாவற்றுக்கும் பின்னால் வந்ததாம். அது வரும்வரை பாப்பா தலகாணி கேட்டு அழுது, அழுதபடியே வெறும் தரையில் தூங்கிவிட்டதாம். பால் காய்ச்சப் பாத்திரம் இல்லாமல் இவள் நின்றதைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர்களே பால், சப்பாத்தி எல்லாம் கொண்டுவந்தார்களாம். ஒரே நாளில் தெரு முழுக்கப் பழக்கமாகிவிட்டதாம். "அந்த லோடிங் பசங்கள ரொம்பத் திட்டாதீங்கண்ணே" என்று எனக்கே சிபாரிசு வேறு.

அப்புறம் ஆரோக்கியம் போனை வாங்கினான். மேரியை ஏதோ வேலை சொல்லி அந்தப் பக்கம் அனுப்பினான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "பதினோரு வருஷத்துல அந்தப் பெட்டி உன் கையில ஒரு தடவகூட உள்ள போனதில்ல மச்சா. லோடிங் பசங்க தப்புன்னு மேரிகிட்ட நான்தான் சொல்லி வெச்சிருக்கேன். அவளுக்குத் தெரிய வேணாம், உன்ன கூடப்பொறந்தவனா நெனைக்கிறா. என் சட்டையப் புடிச்சு நாலு அறை உட்டிருக்கலாமேடா, பாப்பா தலகாணிய எதுக்குடா?"

வீடு அவனுக்குப் போனதைக்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொண்டேன், ஆனால் இவ்வளவு நல்ல மனசும் அந்தப் பயலுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறதே என்று நினைக்கும்போதுதான் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.