சமையல் பேட்ஜும் சனிக்கிழமை விரதமும்

அன்புச்செல்வி டீச்சருக்கு மரியாதை என்றாலே எரிச்சல். கிடைக்காமல் வந்த எரிச்சல் இல்லை. அளவுக்கு மேல் கிடைத்தது. பீளமேட்டுப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுக்க வந்த நாளிலிருந்து, ஒரு வார்த்தைக்கு இரண்டு ‘ங்க’ போட்டுத்தான் எல்லோரும் அவளிடம் பேசினார்கள். அவள் அப்பா ஐயாசாமியும் அம்மாவும் ஆனைமலையில் தென்னந்தோப்புக் கூலிகள். அங்கே ஏசுகிறவன் நேராக ஏசினான். நாமும் மனசுக்குள்ளாவது நேராக ஏசிக்கொள்ளலாம். கோயமுத்தூர்ப் பெரிய மனிதர்கள் அந்த வசதியைக்கூடத் தரவில்லை என்பது அவள் புகார்.

சனிக்கிழமை காலையைத் தின்றுவிடும் குருளையர் பொறுப்பு அவள் தலையில்தான் விழுந்தது. குருளையர் என்றால் சாரண இயக்கத்தின் வாண்டுகள். மற்ற டீச்சர்கள் எல்லோரும் ஒற்றைத் தலைவலி, மாமியாருக்கு மூட்டுவலி என்று ஆளுக்கொரு வலியைச் சொல்லித் தட்டிக்கழித்திருந்தார்கள். ஆனால் கழுத்தில் ஸ்கார்ஃபும் கோணல் தொப்பியுமாக அந்தப் பையன்கள் வந்து நின்றபோது அன்புச்செல்விக்கு அவர்களைப் பிடித்துப்போய்விட்டது. இதுகளுக்கு இன்னும் எதுவும் தெரியாது, தெரியாமலே வளர்ந்துவிடட்டும் என்று நினைத்தாள். அந்தப் பையன்களைப் பெற்றவர்களை அவள் எப்போதோ கைகழுவிவிட்டாள். பிள்ளைகளைக் காப்பாற்றிவிடலாம் என்று மட்டும் நம்பினாள், அதிலும் வம்சியை. பம்புசெட் வார்ப்படப் பட்டறை வைத்திருக்கும் கோவிந்தராஜுலுவின் ஒரே மகன் அவன். “மிஸ், மிஸ்” என்று அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே திரிவான்.

வருஷத்துக்கு ஒருமுறை குருளையருக்குக் குடும்ப நாள் நடக்கும். போன வருஷம் நடந்த கூத்தை அன்புச்செல்வி மறக்கவில்லை. பையன்கள் கூடாரம் போட வேண்டும் என்றால் அப்பாக்கள் முண்டியடித்துக்கொண்டு போட்டார்கள். கோவிந்தராஜுலு தன் பட்டறையிலேயே இரும்புக் குழாய் வெட்டி, வெல்டு வைத்துக் கொண்டுவந்து ஒரு கூடாரம் நிறுத்தினார். யானையைக் கட்டலாம், அப்படி ஒரு கூடாரம். வம்சி ஓரமாக உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தான். மத்தியானம் ஓட்டலிலிருந்து பொட்டலம் வந்தது. அம்மாக்கள் பட்டுச்சேலை கசங்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இந்த வருஷம் அவள் சட்டத்தை மாற்றினாள். பையன்கள் சமைக்க வேண்டும், வீட்டார் அதைச் சாப்பிட வேண்டும். வீட்டார் சாப்பிட்டால்தான் பையனுக்குச் சமையல் பேட்ஜ். வீட்டுப் பெரியவர்கள் யாரும் அடுப்புப் பக்கம் தலைகாட்டக்கூடாது.

கோவிந்தராஜுலு பெற்றோர் சங்கத் தலைவர் என்பதால் அவர் வீட்டுக்கே போய் இதைச் சொன்னாள். “பிரமாதமுங்க டீச்சர், பசங்க இப்படித்தானுங்க வளரோணும்” என்று அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அவர் மனைவி ராமாமணி காப்பி கொண்டுவந்தாள். அவருக்கு வெள்ளி டம்ளரில் வந்தது. டீச்சருக்கு பிளாஸ்டிக் கப்பில் வந்தது.

“ஏனுங்க டீச்சர், உங்களுக்கு ஆனைமலைங்களா? நாங்க மாசாணியம்மன் கோயிலுக்கு அடிக்கடி வருவோமுங்க. உங்க ஊடு கோயிலுக்கு எந்தப் பக்கமுங்க?” என்று ராமாமணி தேனொழுகக் கேட்டாள்.

எந்தப் பக்கம் என்று கேட்பது எதற்கு என்பது கேட்டவளுக்கும் தெரியும், கேட்கப்பட்டவளுக்கும் தெரியும். அன்புச்செல்வி சுற்றி வளைக்கவில்லை. “ஊருக்கு வெளியில, சுடுகாட்டுக்குப் போற வழிலீங்க. எங்கப்பன் தோப்புக் கூலிங்க. இன்னும் ஏதாச்சும் தெரியோணுமுங்களா?” என்றாள்.

“ஐயோ, சும்மா கேட்டேனுங்க” என்றாள் ராமாமணி. அந்தச் சும்மா ஒரே வாரத்தில் எல்லாப் பெற்றோர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

குடும்ப நாளும் ஒரு சனிக்கிழமைதான். பள்ளி மைதானத்துப் புங்கமரத்தடியில் செங்கல் அடுக்கி, பையன்கள் அரிசிம்பருப்புச் சாதம் வைத்தார்கள். சின்ன வெங்காயம் உரித்து எல்லோருக்கும் கண்ணீரும் மூக்குச்சளியும் ஒன்றாக ஓடியது. புகையில் இருமிக்கொண்டே ஊதி ஊதி வம்சிதான் அடுப்பைப் பற்றவைத்தான். அன்புச்செல்வி உப்பைக் கையால் அள்ளிப் போட்டு, கரண்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். நக்கிப் பார்த்துவிட்டு, “இன்னுங் கொஞ்சம் போடோணுமுங்க மிஸ்” என்றான் பெரிய சமையல்காரன் மாதிரி. நாற்காலி வரிசையிலிருந்து அம்மாக்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தட்டு வைக்கிற நேரம் வந்ததும் மைதானத்தில் பக்தி கரைபுரண்டு ஓடியது. கோவிந்தராஜுலு கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சனிக்கிழமைங்க டீச்சர், நமக்கு ஒருபொழுது. பொழுது எறங்கித்தான் சாப்பாடு” என்றார். அதுவரை சனிக்கிழமைக்கும் புதன்கிழமைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர்களுக்கெல்லாம் பெருமாள் ஞாபகத்துக்கு வந்தார். பெருமாள் கைகொடுக்காத ஒருத்தருக்கு அல்சர் வந்தது. இன்னொருத்தி இப்போதுதான் பன் தின்றாளாம், வயிறு திம்மென்று இருக்கிறதாம். எல்லாவற்றையும் ‘ங்க’ போட்டுத்தான் சொன்னார்கள். ஒருத்தர்கூட முகத்தைச் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் அன்புச்செல்விக்குக் கொஞ்சம் மதிப்பாவது வந்திருக்கும்.

அவளுக்கு உள்ளே கொதித்தது. யாருடைய காதில் பூச்சுற்றுகிறார்கள்? சரி, உங்கள் பூவை உங்களுக்கே சுற்றுகிறேன் என்று மைக்கைப் பிடித்தாள்.

“பெத்தவங்க இத்தன பேரு விரதம் இருக்கறது நம்ம பிள்ளைகளுக்குக் கெடச்ச பாக்கியமுங்க. யாரும் அவங்க விரதத்தக் கலைக்க வேண்டாம். தண்ணி மட்டும் குடுங்க. சாயந்தரம் கொடி எறக்கற வரைக்கும் நிகழ்ச்சி இருக்குது, யாரும் போயிராதீங்க.”

பையன்கள் வழித்து வழித்துத் தின்றார்கள். அப்பாக்கள் அந்த வாசத்தைத் தின்றார்கள். பிறகு அன்புச்செல்வி அவர்களைச் சும்மா விடவில்லை. கயிறு இழுக்கச் சொன்னாள், மகனோடு கால் கட்டி ஓடச் சொன்னாள், சாக்குக்குள் இறங்கிக் குதிக்கச் சொன்னாள். கோவிந்தராஜுலு சாக்கோடு தடுக்கி விழுந்து எழுந்தபோது அவருக்குக் கண் இருண்டது. அன்புச்செல்விக்கு அப்படி ஒரு சந்தோஷம். கைதட்டி ரசித்தாள்.

வம்சி மட்டும் சாப்பிட்ட பிறகும் ஒரு தட்டை மூடிப் பத்திரமாக வைத்திருந்தான். அப்பா சாப்பிடாவிட்டால் பேட்ஜ் இல்லை என்பது அவனுக்குப் பெரிய கவலை. “மிஸ், பொழுது எப்பங்க எறங்கும்?” என்று வந்து வந்து கேட்டான்.

அந்த நேரத்தில்தான் கோவிந்தராஜுலு நைசாக நழுவிக் காரின் பின்பக்கம் போவதை அன்புச்செல்வி பார்த்தாள். டிக்கியில் அடுக்குக் கேரியர் இருப்பது அவளுக்குக் காலையிலேயே தெரியும். அவள் நாக்கில் சனி உட்கார்ந்தது. “அப்பா அங்க கார்கிட்ட இருக்காரு, போய்க் குடுத்துப்போட்டு வா கண்ணு” என்று பையனை அனுப்பினாள். ஆசாமி பிடிபடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமே, பின்னாலேயே போய்க் கார் மறைவில் நின்றாள்.

கோவிந்தராஜுலு வாய் நிறையப் புளிசாதத்தோடு நின்றார். வம்சிக்குச் சந்தேகமே வரவில்லை. “ஒருபொழுது முடிஞ்சுதுங்களாப்பா? அப்ப இதச் சாப்பிடுங்க, நாந்தான் செஞ்சேன்” என்று தட்டை நீட்டினான்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அதுவும் ஒரு நொடிதான். “குடு கண்ணு” என்று வாஞ்சையாக வாங்கினார். “நீ போ, அப்பா சாப்புட்டுப்போட்டு வாரேன்.” பையன் துள்ளிக்கொண்டு கார் முனைவரை போனான். அப்பா சாப்பிடுவதைப் பார்க்கும் ஆசையில் திரும்பினான். அவர் தட்டை வேலியோரம் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார்.

வம்சி தரையில் கிடந்த சாதத்தைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், பிறகு அவனுக்குப் பின்னால் நின்ற அன்புச்செல்வியைப் பார்த்தான். காலையில் அவள் சாதம் வைத்த உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“அருமைங்க டீச்சர், ஒரு பருக்கை மிச்சம் வெக்கல” என்று காலித் தட்டோடு வந்தார் கோவிந்தராஜுலு. “பேட்ஜக் குத்தி உட்ருங்க.” பொய் என்று மைக்கில் சொல்ல அவளுக்குத் தைரியம் இருந்தது. ஆனால் அப்பா பொய்யர் என்று ஊரறியத் தலைகுனிந்து நிற்பவன் அந்தப் பையனாகத்தானே இருப்பான்? கொடி இறங்கியதும் எல்லோர் முன்னாலும் வம்சியின் சட்டையில் பேட்ஜைக் குத்தினாள். எல்லோரையும்விட ராமாமணி பலமாகக் கைதட்டினாள். அன்புச்செல்விக்கு அவமானத்தில் காது சுட்டது.

அடுத்த சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. அணிநடை முடிந்து பையன்கள் நாக்குத் தள்ளிப்போய் வந்ததும், அன்புச்செல்வி எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரை போட்டுக் கலக்கி, வம்சிக்குத்தான் முதல் டம்ளரை நீட்டினாள். அவன் ஓர் அடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டான்.

“வேண்டாமுங்க மிஸ். இன்னைக்கு ஒருபொழுதுங்க.”

எவ்வளவு பணிவாகச் சொன்னான்! ராமாமணியின் அதே தேன், அதே சிரிப்பு. அன்புச்செல்விக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த அம்மாளை இன்றைக்கு வீட்டு வாசலிலேயே வைத்துக் கிழித்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

“ஒருபொழுது இருக்கச் சொல்லி யாரு சொன்னாங்க கண்ணு, அம்மாவா?”

“யாருஞ் சொல்லலீங்க மிஸ்” என்றான் வம்சி. “நானாத்தானுங்க இருக்கேன்.”

திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் அன்புச்செல்வி டம்ளரோடு நின்றாள்.