சுவருக்கு இந்தப் பக்கம் படித்த வரையறைகள்

அஞ்சல்வழியில் உளவியல் படித்தபோது நான் வைத்திருந்த நீள நோட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரித்திருப்பேன். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அதன் வரையறை. தூண்டல், துலங்கல், புலன்காட்சி, ஊக்கி என்று வரிசையாகப் போகும். விடியற்காலையில் சுபுஹு தொழுததும் கூடத்தில் உட்கார்ந்து அதை வாய்விட்டுப் படிப்பேன். சத்தமாகச் சொன்னால்தான் எனக்கு மண்டையில் ஏறும். காரைக்காலில் எங்களுடையது சின்ன வீடு. கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் அந்த வருஷம் லாத்தா, அதாவது என் அக்கா, இத்தா இருந்தாள்.

மச்சான் சவுதியில் வேலை பார்த்த இடத்திலேயே நெஞ்சுவலி வந்து மௌத்தாகிவிட்டார். அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். யாரோ போனில் அனுப்பிய மண்மேட்டுப் படத்தைத்தான் லாத்தா பார்த்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருப்பது எங்கள் மார்க்கத்தின் முறை. லாத்தா வீட்டோடு என்ன, அந்த அறையோடு இருந்தாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். நாலு வார்த்தை கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். பார்க்க வந்த பெண்களெல்லாம் உம்மாவிடம், "ஒங்க மவ மாதிரி பேணுதலா இருக்கணும்மா. ஒரு சத்தம் கேக்குதா பாருங்க" என்று மெச்சிவிட்டுப் போனார்கள். உம்மாவுக்கு அந்த வேதனையிலும் கொஞ்சம் பெருமைதான். எனக்கும்தான், ஏன் மறைக்க வேண்டும்?

வெளியே போகாதே என்றுதான் மார்க்கம் சொன்னது. சாப்பிடாதே, பேசாதே என்று அது சொல்லவில்லை. எனக்கு இதுவும் தெரியும், நோட்டில் இருந்ததும் தெரியும். "எதிலும் நாட்டமின்மை, பசியின்மை, உறக்கக் குலைவு, தன்னைப் பயனற்றவராக எண்ணுதல் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பது மனச்சோர்வு" என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மதிப்பெண் வினா அது. பரீட்சையில் வந்தது, ஒரு வார்த்தை பிசகாமல் எழுதினேன்.

இத்தா முடிந்த அன்று லாத்தாவைக் குளிக்கவைத்துப் புதுச்சேலை உடுத்தினோம். சொந்தக்காரர்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கடைசி ஆள் செருப்பு மாட்டியதும் அவள் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். "பழகிப்போச்சு, மெள்ள வருவா" என்றாள் உம்மா. அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கண்ணெல்லாம் குழிவிழுந்த பிறகுதான் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். "எப்பலேர்ந்து இப்படி இருக்காங்க?" என்று அவர் கேட்டார். படித்த பெண் சொல்லட்டும் என்று உம்மா என்னைப் பார்த்தாள். துக்கம் எந்த நாளில் முடிந்தது, நோய் எந்த நாளில் தொடங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது லாத்தா தானாகப் பேசினாள். "நீ காலையில படிப்பியே, எல்லாம் கேக்கும். நமக்கு வந்திருக்குறது அதுதான்னு அப்பவே தெரிஞ்சிச்சு. எனக்குக் கேக்கணும்னுதான் நீ சத்தமாப் படிக்கிறேன்னு நெனச்சேன். முடிச்சிட்டு நீ உள்ள வருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இப்போது நான் நர்சிங் பிள்ளைகளுக்கு உளவியல் நடத்துகிறேன். அந்த வரையறை வரும்போது ஒரு பெண், "மிஸ், சும்மா அழுவுறதுக்கும் இதுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள். பக்கத்தில் போய் உட்காரணும் என்று சொன்னேன். எல்லோரும் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

நேற்று சாயங்காலம் லாத்தாவின் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். "மாத்திரை போட்டியா லாத்தா?" என்றேன். "ம்" என்றாள். அதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவளே, "நீ போ, ஒனக்கு வேலை இருக்கும்" என்றாள்.